நான் இடித்த கமர்கட்டு

போன வருஷம் கத்திரி வெயில் நேரம். தண்டையார்பேட்டையில் நான் கிண்டும் கமர்கட்டை இரண்டு டப்பாக்களில் அடைத்து, எண்ணூர் கடைகளில் போடுவதற்காக ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் கமர்கட்டு என்றால் கல்லு மாதிரி இருக்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டால், லோடு இறக்கி முடிக்கும்வரை தாங்க வேண்டுமாம். அதற்காகவே அந்தக் காலத்திலிருந்து வெல்லப்பாகை முற்ற முற்றக் காய்ச்சிப் பழகிவிட்டார்கள். என் சரக்கும் அப்படித்தான். மெத்தென்று வேண்டும் என்று கேட்பவர்களை அல்வா கடைக்கு அனுப்பிவிடுவேன்.

வழக்கம்போல ரோடு நெடுக கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றன. ஒரு லாரி ஓரமாக அதன் டிரைவர், சட்டை தொப்பலாக நனைந்து, சக்கரத்தில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற லாரிக்காரர் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். காலையில் சுகருக்கு இன்சுலின் போட்டுக்கொண்டவர், வண்டி இதோ நகரும், அதோ நகரும் என்று சாப்பிடவே போகாமல், சுகர் ஒரேயடியாக இறங்கிவிட்டதாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்த நெரிசலில் அது எப்படி உள்ளே வரும்?

"யக்கா, டப்பால இன்னா கீது, மிட்டாயா? ஒண்ணு குடு, வாயில போட்லாம்," என்றார் விசிறியவர்.

கைவசம் இரண்டு டப்பா வெல்லம் இருக்கிறது. ஆனால் லேசில் கரையாது. அரைமயக்கத்தில் இருப்பவர் தொண்டையில் சிக்கினால் அவ்வளவுதான்.

"வாயில போடாதண்ணே, அடச்சிக்கும். ஸ்பேனர எடு," என்றேன்.

ஒரு பிடியைத் துணிப்பையில் போட்டு ரோட்டில் வைத்து நங்கு நங்கென்று இடித்தோம். சனியன், சுலபத்தில் உடைகிறதா? வாழ்க்கையில் முதல் முறையாக என் கைப்பக்குவத்தை நானே திட்டினேன். கேபினில் வெயிலுக்குச் சூடாகிக் கிடந்த தண்ணீரில் தூளைக் கரைத்தேன். தேங்காய்த் துருவல் மாட்டாதபடி துப்பட்டாவில் வடிகட்டி, விழுங்குகிறாரா என்று பார்த்துப் பார்த்து பாட்டில் மூடியால் புகட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி."

அதுவரை மிடுக்காக எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த நான், அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவர் தானே நடந்துபோய் ஏறினார்.

என் கமர்கட்டை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள்; ஆனால் அதை நானே இடித்துத் தூளாக்கிய அந்த மத்தியானம்தான் இந்தத் தொழிலில் நான் பார்த்த உருப்படியான வேலை என்று யார் கேட்டாலும் சொல்வேன்.