கேரதீவுத் துறையில் ஒரு பிணைக் கையெழுத்து

மன்னார் வழியாக யாழ்ப்பாணம் போகும்போது சங்குப்பிட்டிப் பாலத்தில் இறங்கிப் படம் எடுக்கலாமா என்று இதுவரை மூன்று பேர் எழுதிக் கேட்டுவிட்டீர்கள். எடுக்கலாம். காற்று பலம், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த இடத்தைப் பற்றி நான் எழுதுவதானால் பாலம் இல்லாத காலத்துப் பயணத்தைத்தான் எழுத வேண்டும். 1991 ஆவணிக் கடைசியில் கொக்குவிலில் இருந்து கொழும்புக்கு, இரண்டு நாள். இத்தனை வருடமும் தட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன்.

அப்போது குடாநாடு, தனிநாட்டுக்காகப் போராடிய இயக்கத்தின் கையில் இருந்தது. ஆனையிறவுப் பாதையை ராணுவ முகாம் அடைத்திருந்தது. வெளியே போக இயக்கத்திடம் பாஸ் வாங்க வேண்டும், பாஸுக்கு உறவினர் ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பி வந்து முகம் காட்டும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் கிடையாது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பெற்றோர் இல்லை, ஒரே அண்ணன் லண்டனில் இருந்தான். அவன் எனக்கு விமான டிக்கெட்டுக்கு ஒழுங்கு செய்திருந்தான். பாஸ் விண்ணப்பத்தில் நான் எழுதியதோ, "கொழும்பில் பரீட்சைச் சான்றிதழ் எடுக்க, முப்பது நாள்."

பிணை நிற்க முன்வந்தவர் அடுத்த வளவு அம்பலவாணர் அண்ணை. நாற்பத்தைந்து வயது, அரசாங்க நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். தனிநாடுதான் வேண்டும், அதில் ஒரு அங்குலம் குறையக்கூடாது என்பது அவர் கட்சி. இந்தத் தீவுக்குள்ளேயே அதிகாரம் உள்ள ஒரு மாநிலம் கிடைத்தால் போதும் என்பது என் கட்சி. இரண்டு வருடமாக வேலிக்கு மேலால் இதைத்தான் சண்டை பிடித்தோம். அவருக்குச் சம்பளம் மட்டும் மாதா மாதம் கொழும்பு அரசாங்கத்திடமிருந்து வந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லிக் காட்டினால் இரண்டு நாள் என்னோடு கதைக்கமாட்டார். அப்படிப்பட்டவர், என்னைத் தன் ஒன்றுவிட்ட தம்பி என்று பொய் சொல்லிக் கையெழுத்து வைத்தார்.

காலை ஐந்து மணிக்கு அவருடைய சைக்கிளில் வெளிக்கிட்டோம். அவருடைய மனைவி மகேஸ் அக்கா குசினியிலிருந்து புட்டுப் பார்சலோடு வாசல் படலைவரை வந்தார். இருபது அடி தூரம். இடையில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார். "என்னக்கா, சுகமில்லையோ?" என்றேன். "வெயிலுக்கு, தம்பி" என்றார். இன்னும் விடியக்கூட இல்லை. அவசரத்தில் இருந்த எனக்கு அது உறைக்கவில்லை.

கொக்குவிலில் இருந்து கேரதீவுத் துறை ஏறக்குறைய 28 கிலோமீற்றர், எங்கள் கணக்கில் பதினேழு கட்டை. நாவற்குழி வரை அண்ணை மிதித்தார், நான் கரியரில். பிறகு நான் மிதித்தேன். தனங்கிளப்பு தாண்டினால் இரண்டு பக்கமும் உவர்வெளி, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. பின்னாலிருந்து அவர் வாய் ஓயவில்லை.

"உன்ரை மாநிலம் எண்டது வாடகை வீடடா. கதவு திறந்துதான் கிடக்கும், ஆனால் வீட்டுக்காரன் நினைச்ச நேரம் உள்ளுக்கு வருவான்."

"உங்கடை நாட்டிலை ஆள் வெளியாலை போகேலாதே, அண்ணை?"

"போறவன் எல்லாம் போகட்டும் எண்டு விட்டால் இஞ்சை ஆர் மிஞ்சுவினம்? அதுக்குத்தான் பிணை. நீ ஒரு மாசத்திலை வருவாய்தானே?"

"ஓம் அண்ணை, வந்திடுவன்."

சைக்கிள் மிதிக்கிறவன் முகம் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. அன்றைக்கு அது எனக்கு நல்ல வசதியாகப் போயிற்று.

எட்டு மணிக்குத் துறை. எங்களுக்கு முன்னால் முந்நூறு பேராவது நின்றிருப்பார்கள். வெயிலில் நாலு மணித்தியாலம் வரிசை. இரண்டு பேருமாகப் புட்டைத் தின்று முடித்தோம். மேசையில் இருந்த இயக்கக்காரர் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆர் பிணை?" என்று கேட்டார். பிணை நின்றவர் துறைக்கு வரவேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனாலும் அண்ணை வரிசைக்கு வெளியே நின்று கையை உயர்த்தி, "நான்தான்" என்றார். அவர் முகத்தில் ஒரு பெருமை. ஒரு நாட்டின் எல்லையில் நிற்பதாக அவருக்கு நினைப்பு.

வாகனம் ஏற்றும் தட்டையான மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். அதில் கடலேரியைக் கடக்கக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் சைக்கிளைப் பிடித்தபடி கரையிலேயே நின்றார். இனி பதினேழு கட்டையும் அவர் தனியாக மிதிக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

அக்கரையான சங்குப்பிட்டியில் இருந்து பூநகரி, பரந்தன் வரை உழவு இயந்திரப் பெட்டியில், அறுபது ரூபாய். பரந்தனில் இருந்து மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய வானில் நூற்றைம்பது ரூபாய். புகை உள்ளேதான் வரும். வவுனியாவுக்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். சூட்கேசைத் தலையில் வைத்துத் தாண்டிக்குளம் ராணுவச் சோதனைச் சாவடிக்கு நடந்தேன். அங்கே பொட்டலங்களை எல்லாம் பிரித்துக் கொட்டி, எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்திலும் கேள்வி ஒன்றுதான், பாஷைதான் வேறு. மறுநாள் ரயிலில் கொழும்பு.

கொழும்பில் ஒரு லொட்ஜில் விமானத்துக்காகக் காத்திருந்தேன். முப்பது நாள் கழிந்தது. அதன் பிறகு இரண்டு கிழமையில் ஊரிலிருந்து வந்த ஒருவர் கையில் அண்ணையின் கடிதம் கிடைத்தது. படம் வரைபவர் எழுத்து, அச்சுப் போல.

"தம்பி, மகேசுக்கு நெஞ்சிலை வால்வு பழுதாம். கொழும்புக்குத்தான் கொண்டு போகவேணும் எண்டு டாக்குத்தர் சொல்லுறார். பாஸ் கேட்டன். அவளுக்குத் தருவினமாம். எனக்கு, நீ வந்தால்தான். அவளாலை தனிய நாலு அடி நடக்க ஏலாது. பிள்ளையளும் இல்லை எண்டு உனக்குத் தெரியும். ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ. நீ திரும்பிப் போறதுக்குப் பிணை நிக்க ஒரு ஆளைப் பாத்து வைச்சிருக்கிறன்."

திட்டி ஒரு சொல் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். போனால் மறித்துவிடுவார்கள், டிக்கெட் போய்விடும், அண்ணன் பட்ட பாடெல்லாம் வீண் என்று என்னிடம் காரணங்களுக்குக் குறைவில்லை. கடிதத்தைச் சூட்கேசின் அடியில் வைத்தேன். பூநகரியை ராணுவம் பிடித்து அந்தத் துறை மூடப்பட்டது என்ற செய்தி வந்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த கிழமை லண்டன் போய்ச் சேர்ந்தேன்.

மகேஸ் அக்கா மார்கழியில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இறந்தார். தகவல் எனக்கு வந்து சேர்ந்தது மாசியில். 1995 ஐப்பசியில் ராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது அண்ணையும் அதே நாவற்குழி வீதியால் நடந்தாராம். அந்த முறை பிணை கேட்க அங்கே யாரும் இல்லை. கிளிநொச்சியில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டார் என்று அவரோடு கூட நடந்த ஒருவர் சொன்னார்.

மாநிலமா, தனிநாடா, எது சரி என்று நினைக்கிறீர்கள் என்று இப்போதும் பின்னூட்டத்தில் கேட்கிறீர்கள். என்னிடம் கேட்காதீர்கள். அண்ணை தான் கேட்ட நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மனைவியின் கட்டிலடியில் இருந்தார். கதவு திறந்திருந்தால் போதும் என்று வேலியடியில் வாய் கிழியக் கதைத்த நான், அவருடைய கதவை அடைத்துவிட்டு வந்தேன். இப்போது அங்கே அவருடைய நாடும் இல்லை, என்னுடைய மாநிலமும் இல்லை. கொக்குவிலில் அந்த இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த வேலியும் இல்லை. வேறு யாரோ மதில் கட்டியிருக்கிறார்கள்.

இனிப் பயணக் குறிப்புகள். போன தை மாதம் நானே போய்ப் பார்த்தவை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சொகுசு பஸ்ஸில் எட்டு, ஒன்பது மணித்தியாலம். பூநகரி வழி வேண்டுமானால் மன்னாரில் வான் பிடியுங்கள், இரண்டு மணித்தியாலம் போதும். வெயிலுக்கு முன் வெளிக்கிடுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். பாலத்தைக் கடக்க வானில் ஒரு நிமிடம்கூட ஆகாது. பாஸ் இல்லை, மேசை இல்லை, யாரும் கையை உயர்த்த வேண்டியதில்லை.

அந்த நாளில் கொழும்பிலிருந்து போய்த் திரும்பி வர நாலு நாள் தேவைப்பட்டது. கேட்டவர்களிடமெல்லாம் துறையை மூடிவிட்டார்கள், அதனால்தான் போகவில்லை என்று சொல்லிவந்தேன். கடிதம் என் கைக்கு வந்த நாளுக்கும் துறை மூடிய நாளுக்கும் இடையில் பன்னிரண்டு நாள் இருந்தது.