சிரித்துக்கொண்டே சொன்ன வெள்ளம்

அந்த ஊரில் அவள் முகத்தைத் தெரியாதவர்கள் உண்டு. குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி விற்பனை, புதிதாகத் திறந்த பல் மருத்துவமனை, காணாமல் போன நாய்க்குட்டி என்று எதுவானாலும் ஆட்டோவின் தலையில் கட்டிய ஒலிபெருக்கியில் பேசுவது அவள்தான். தெருக்காரர்கள் வைத்த பெயர் 'தள்ளுபடி'. தொழிலில் அவளாகக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: சிரித்துக்கொண்டு பேச வேண்டும். பல் தெரிவது மைக்குக்குத் தேவையில்லை, கேட்பவர் காதுக்குத் தேவை. அதற்காகவே பதிவு அறையில் மைக்குக்கு நேரே ஒரு கண்ணாடி மாட்டியிருந்தாள்.

அன்று காலை நகராட்சி அலுவலகம் எழுதிக் கொடுத்த வெள்ள எச்சரிக்கையையும் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் படித்தாள். பதிவை மூன்று ஆட்டோக்களில் ஏற்றினார்கள். ஆற்றோரத் தெருவுக்குப் போகும் வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். அங்கேதான் அவள் அக்கா குடியிருந்தாள்.

மழை விடவில்லை. தெருவில் சனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"தள்ளுபடி வந்தாச்சுப்பா!" என்று குடைக்குள்ளிருந்து கத்தினார் மளிகைக்காரர். "இன்னைக்கு என்னம்மா, ஒரு வெள்ளம் வாங்கினா ஒரு வெள்ளம் இலவசமா?"

தெருவே சிரித்தது. அவள் அக்கா வீட்டுக்குள் நுழைந்தாள். முன்னறைதான் அக்கா புருஷனின் தையல் கடை. அவர் ஒரு சட்டைக் காலரில் கண்ணை வைத்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கிளம்புங்க. அணையத் திறந்துட்டாங்க."

"போன வருஷமும்தான் திறந்தாங்க."

போன வருஷம் அவள் பேச்சைக் கேட்டு அந்தத் தெருவில் கிளம்பியவர் இவர் ஒருவர்தான். மெஷின், துணி, அளவு நாடா, அத்தனையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். தண்ணீர் கரையோடு நின்றுவிட்டது. வராத வெள்ளத்துக்குக் கப்பல் ஏறியவர் என்று அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் 'கப்பல்காரர்'.

"இது அந்தத் தண்ணி இல்ல மாமா. ஒரு மாசம் பெய்யற மழை, மேல ஒரே நாள்ல கொட்டியிருக்கு. இனிமே இப்படித்தான் அடிக்கடி வரும்னு சொல்றாங்க."

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல கொழுந்தியா. மெய்யாவே இருக்கட்டும். ஆனா மறுபடி மெஷினத் தூக்கிட்டு இந்தத் தெருவுல நடக்க என்னால ஆகாது. தண்ணிக்குக்கூடப் பயமில்ல. எதிர்க்கடை மளிகைக்காரன் சிரிப்பான் பாரு, அதுக்குத்தான்."

உள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "அவரு வராம நான் வரமாட்டேன். நீ போடி."

வெளியே வண்டி தெருவைச் சுற்றிவந்தது. 'பருவநிலை மாற்றத்தின் விளைவாக அதிகனமழை... தாழ்வான பகுதி மக்கள் உடனடியாக...' முதல் முறையாக அவள் தன் குரலை மற்றவர்கள் கேட்கும் இடத்தில் நின்று கேட்டாள். 'உடனடியாக' என்ற சொல், 'இன்றே கடைசி' என்பதைப் போலவே குழைந்தது. வெள்ளம் வருவதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

வாசலுக்கு ஓடிவந்தவள் சாக்கடையைப் பார்த்தாள். ஆற்றுப் பக்கம் போக வேண்டிய தண்ணீர், கம்பி மூடியைத் தள்ளிக்கொண்டு தெருப் பக்கம் குமிழி விட்டது.

"ரெக்கார்ட நிறுத்துங்கண்ணே!" என்று ஆட்டோக்காரரிடம் கத்தினாள்.

சத்தம் நின்றதும் தெரு திரும்பிப் பார்த்தது. மைக்கைப் பிடுங்கினாள். "நான்தான் பேசறேன். ரெக்கார்டு இல்ல. எனக்குப் பயமா இருக்கு. எங்கக்கா உள்ளதான் இருக்கா."

சிரிப்பு அடங்கியது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. மளிகைக்காரர் தையல்காரர் வாசலைப் பார்த்தார். தையல்காரர் மளிகைக்கடையைப் பார்த்தார். முதலில் படியிறங்கி அசடாக யாருக்கும் மனமில்லை. சாக்கடைத் தண்ணீர் முதல் படியை நனைத்தது.

அவள் மைக்கை மாமாவிடம் நீட்டினாள். "நீங்க கிளம்ப வேணாம் மாமா. உங்களப் பாத்து சிரிச்சவங்ககிட்ட என்ன சொல்லணுமோ, இதுல சொல்லுங்க. அது போதும்."

ஒரு வருஷமாக அவர் நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தது கொஞ்சமா? அளவு நாடா கழுத்தில் தொங்க எழுந்து வந்தார்.

"கப்பல்காரன் பேசறேன்." யாரோ களுக்கென்றார்கள். "போன வருஷம் சிரிச்சீங்க. இந்த வருஷமும் சிரிங்க, வேணாங்கல. ஆனா மேட்டுப் பள்ளிக்கூடத்து மாடியில நின்னு சிரிங்க. கேக்கறதுக்கு நானும் அங்க வரேன். யோவ் மளிகை, ஒரு கை குடுய்யா. மெஷின் கனக்குது."

மளிகைக்காரர் ஒரு கணம் நின்றார். பிறகு குடையை மடக்கிவிட்டு வந்தார். இருவரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதைத் தெரு பார்த்தது. அடுத்த வீட்டில் ஒரு பெட்டி வெளியே வந்தது. அதற்கடுத்த வீட்டில் பூட்டுச் சத்தம் கேட்டது. அக்கா செருப்பைத் தேடினாள்.

பள்ளிக்கூட மாடியில் கைப்பிடிச் சுவரோரம் எல்லாரும் நெருக்கியடித்து நின்றார்கள். கீழே தெரு நனைந்து, சும்மா கிடந்தது. நேரம் போனது.

"எங்கம்மா உன் வெள்ளம்? வழி தெரியலையோ?" என்றது ஒரு குரல். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அவள் சுவரை இறுகப் பிடித்தாள். 'வந்துடு, வந்துடு' என்று உள்ளே ஏதோ முனகியது. எந்த வீட்டுக்குள் வரச் சொல்கிறோம் என்று உறைத்தபோது, பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாமா காதோரம் குனிந்தார். "என்ன, வேண்டிக்கிட்டியா?"

"ஆமா மாமா."

"நானுந்தான்."

தண்ணீர் சத்தமில்லாமல் வந்தது. முகவரி தெரிந்த ஆள்போலத் தெருமுனையில் திரும்பி, வீடு வீடாக நுழைந்தது. மளிகைக்கடைக் கதவு உள்வாங்கி மடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. அக்கா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அது கேட்டது. தண்ணீர் இன்னும் எட்டாத ரயில் பாலத்துக்கு அப்பால், தாழ்வான குடியிருப்பில், இன்னொரு ஆட்டோ அவள் குரலைச் சுமந்து திரிந்தது. அந்தப் பதிவில் அவள் இன்னமும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வண்டிய எடுங்க, மேட்டு வழியாப் போயிடலாம். அந்த வண்டிக்கு ஃபோன் போட்டு ரெக்கார்ட நிறுத்தச் சொல்லுங்க. மாமா, வாங்க. மளிகை அண்ணனையும் கூட்டிக்குங்க."

"அவன் எதுக்கு?"

"அங்கயும் சிரிக்கறவங்க இருப்பாங்க மாமா. நம்மள நம்ப மாட்டாங்க, சிரிச்சவரு சொன்னா நம்புவாங்க."

மளிகைக்காரர் மூழ்கிக்கொண்டிருந்த கடையிலிருந்து கண்ணை எடுத்தார். முதல் ஆளாகப் படியிறங்கினார்.