பின்னறைக்கு எட்டாத வைஃபை

"இன்னொரு தடவ மீட்டிங்ல லைன் கட்டாச்சுன்னா பெங்களூருக்கே வந்துருன்னு சொல்லிட்டாவ அண்ணாச்சி. இருக்கதுலயே பெரிய ரவுட்டரா குடுங்க."

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் கடைக்கு வந்த ஷமீமா முதலில் சொன்னது இதுதான். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மேலப்பாளையம் வீட்டிலிருந்தே வேலை செய்பவர். தாயார் இல்லை. தகப்பனார் காதர் மைதீன் சவுதியில் டிரைவராக இருந்து, இருதய ஆபரேஷனுக்குப் பிறகு ஊர் திரும்பியவர். அவரைக் கவனிக்க வேறு ஆள் கிடையாது.

ஆறு ஆன்டெனா வைத்த பெட்டியைக் கை காட்டினார். வீட்டைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

ஒடுக்கமாகப் பின்னோக்கி நீண்ட வீடு. ஃபைபர் இணைப்பு தெருப்பக்க அறையில். அவர் வேலை பார்ப்பது கடைசி அறையில். நடுவில் தடித்த சுவர்கள், போதாததற்கு ஓர் இரும்பு பீரோ. போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடக்கச் சொன்னேன். ஒவ்வொரு சுவருக்கும் சிக்னல் குறைந்தது. பீரோவைத் தாண்டியதும் போயே போய்விட்டது.

"பெருசா வாங்கினாலும் இதே கததானா?"

"ஆமாம்மா. முன்னால சாதாரண ரவுட்டர் போதும். அதுல இருந்து லேன் வயர் இழுத்து, ஒங்க ரூம்லயே வைஃபை குடுக்குத சின்னப் பெட்டி, ஆக்சஸ் பாயின்ட்டும்பாவ, அத வச்சிருவோம்."

ஷமீமா டீ போட உள்ளே போனதும், அதுவரை கட்டிலில் உட்கார்ந்திருந்த தகப்பனார் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இந்த வீட்டுக்கு எந்த ரவுட்டரும் ஆவாதுன்னு சொல்லிருங்க. எனக்காவத்தான் அவ இங்கன அடைஞ்சு கெடக்கா. அப்படியாவது பெங்களூருக்குப் போவட்டும்."

பிடித்த கையை விடுவிக்காமலே சொன்னேன்.

"வயர் இழுத்தா லைன் கிடைக்கும் பாய். கிடைக்காதுன்னு நான் எப்படிச் சொல்ல? மனசுல உள்ளத அவுககிட்டயே சொல்லுங்க."

டீயோடு வந்த மகளிடம் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். ஷமீமா டம்ளரை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பெங்களூர் ஆசை இருக்கு வாப்பா. போனா ஒங்களையும் கூட்டிட்டுத்தான் போவேன். ஆனா நானா முடிவு பண்ணிப் போவணும். லைன் கிடைக்காம போவக் கூடாது."

காதர் மைதீன் மகளின் தலையைத் தடவிவிட்டு எழுந்தார். பிறகு என்னிடம், "வயர எந்தப் பக்கமா இழுக்கணும் தம்பி?" என்றார்.

அன்றே வேலையை முடித்தேன். அதன்பின் லைன் கட்டானதாகப் புகார் வரவில்லை. அடுத்த நோன்புப் பெருநாள் கழிந்து தகப்பனும் மகளும் சேர்ந்தே பெங்களூர் போனார்கள்.

கடையில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ரவுட்டர் கேட்டு வருபவரிடம், யார் எந்த அறையில் இருந்து என்ன வேலை பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அந்தப் பெட்டியால் ஆவதையும் ஆகாததையும் உள்ளபடி சொல்லுங்கள். அதற்கு மேல் முடிவெடுக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்.