தைலங்காட்டை வெட்டிவிட்டு வேம்பு நட்ட கதை

மரம் வெட்டுகிறவனுக்கு எதிரில் நிற்பது மரம் ஒன்றுதான். கன்று நடுகிறவனுக்கு வானம், மண், ஆடு, அதிகாரி என்று ஊர்ப்பட்ட எதிரிகள். இரண்டாயிரம் பிறந்த புதிதில், அரியலூர்ப் பக்கம் தைலமரத்தை வெட்டி எடுத்த ஒரு காட்டில் வேம்பு நட்டு ஆளாக்கும் பொறுப்பு வனத்துறை ஊழியனான என் தலையில் விழுந்தது. இந்த வேலையில் அவதிப்பட்டவர்களுக்கு மேலே படிக்காமலே மீதி புரிந்திருக்கும்.

குழி

சுண்ணாம்புக்கல் கலந்த சுக்கான் மண். கடப்பாரையைப் போட்டால் கை அதிரும். மழைக்கு முன்பே குழி எடுத்து ஆறப்போட வேண்டும் என்பதால் கோடையிலேயே நூல் பிடித்து வரிசையாக வெட்டி வைத்திருந்தோம். கல்லங்குறிச்சித் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய பஸ் ஒன்று காட்டோரம் நின்றது. இறங்கியவர்கள் ஆளுக்கொரு குழியாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். கத்திக்கொண்டே ஓடினேன். முதல் குழியில் இருந்த பெரியவர் எழுந்திருக்காமலே கும்பிடு போட்டார்.

"சாமி கும்பிட வர்றவங்களுக்கு இவ்ளோ வசதி எந்த ஊர்லயும் பண்ணலை தம்பி, நல்லா இருப்பீங்க!"

பை

மழை வந்தது. பிளாஸ்டிக் பையைக் கிழித்தெறிந்துவிட்டுத்தான் கன்றை நட வேண்டும். இல்லாவிட்டால் வேர் உள்ளேயே சுருண்டு செத்துப்போகும். இதை நடவுக்கு வந்த பெண்களிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், செல்லம்மா அக்காவின் வரிசை மட்டும் அதற்குள் முடிந்திருந்தது. சந்தேகப்பட்டு ஒரு கன்றை இழுத்தேன். பையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. வரிசை முழுவதையும் மறுபடி தோண்டச் சொன்னேன். அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொட்டுற மழையில பச்சப்புள்ளை சட்டையைக் கழட்டச் சொல்றீங்களே, நீங்க புள்ளகுட்டிக்காரர்தானே சார்?"

ஆடு

கன்றுகளைச் சுற்றிக் கருவேல முள் அடைத்தோம். முள்ளை யாரோ அடுப்பெரிக்க எடுத்துப் போனார்கள். அந்த வழியாகப் பக்கத்து ஊர் லூர்துமேரியின் ஆடுகள் உள்ளே வந்து, கிழக்குப் பக்கத்து வேம்பை மொட்டையடித்துவிட்டன. ஓர் ஆட்டைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டு, திட்டுவதற்கு வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு காத்திருந்தேன். வந்த லூர்துமேரி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கு யோசனை சொன்னார்.

"இனிமே கசப்பா எதாச்சும் நடுங்க சார், என் ஆடு திரும்பிக்கூடப் பாக்காது!"

துளிர்

இதற்கிடையே, வெட்டிப்போட்ட தைலமரத்தின் அடிக்கட்டைகள் தண்ணீர் ஊற்றாமல், வேலி போடாமல் துளிர்த்து இடுப்பளவு நின்றன. நாங்கள் ஒடிக்க ஒடிக்க அவை வளர்ந்தன. அந்த நேரம் பார்த்துப் பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். கன்று பிழைக்கவில்லை என்றால் மாற்றல் போட்டு எங்கேயாவது தூக்கியடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். அவரோ ஜீப்பில் உட்கார்ந்தபடியே பச்சையைப் பார்த்துப் பூரித்துப்போய், "என்னய்யா உரம் போட்டே?" என்றார்.

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. "அது வெட்டின கட்டை துளிர்த்தது சார், வேம்பு அந்த மூலையில இருக்கு" என்று உளறிவிட்டேன். இறங்கி நடந்தார். மூலையில் குச்சி குச்சியாக நின்றதை எல்லாம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார்.

"நட்டதெல்லாம் சாவுது, வெட்டினதெல்லாம் வளருது. அடுத்த வருஷம் வேம்பையும் நட்ட கையோட வெட்டிடுய்யா!"

தூக்கியடிக்கவில்லை; பட்டுப்போன இடத்திலெல்லாம் மறுபடி நடச் சொன்னார், நட்டோம், இன்று அங்கே நிழல் தருகிற வேம்புகள் அத்தனையும் எங்கள் பராமரிப்பையும் மீறிப் பிழைத்தவை.