ஏழாவது இடம்

அத்தை உட்கார்ந்திருக்கும் படம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரர்கள் காலத்துச் சதுக்கத்தின் நடுவே இருக்கும் பூங்காவில், ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு காலும் தரையில் பதிந்திருக்கின்றன. கையில் மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தை. பின்னால் வெள்ளை மண்டபம் கண் கூசும் வெயிலில் நிற்கிறது. போன் படம்தான், கொஞ்சம் ஆடியிருக்கும். மற்றப் படங்கள் எல்லாவற்றிலும், என் கல்யாணப் படத்தில்கூட, அத்தை நின்றுகொண்டுதான் இருப்பாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கீழப்பழுவூரில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளை இல்லாமல், மாமா போன பிறகு அரியலூரில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தள்ளுவண்டி போட்டு இட்லி விற்றாள். விடிந்ததிலிருந்து நிற்பாள். வியாபாரம் முடிந்தாலாவது உட்கார வேண்டுமே, மாட்டாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவாள். டிவியைக் கதவோரம் சாய்ந்து நின்று பார்ப்பாள். "ஏன் அத்தை, நாற்காலிக்கு வலிக்கும்னா?" என்று கேலி செய்வேன். "உக்காந்தா எந்திரிக்க முடியாதுடா" என்பாள். முட்டிவலி என்று நினைத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். முட்டி இரும்பு மாதிரி இருக்கிறது என்று அவர் சிரித்தார். அப்பா இறந்த அன்று மட்டும் அத்தை வாசற்படியில் உட்கார்ந்தாள். வலது காலை மடித்து, இடது காலைக் கீழே தொங்கவிட்டு, இடது உள்ளங்கையை மேல்பார்க்கத் தொடைமேல் வைத்து. காலையில் அப்படி உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை இமைகூட அசைக்கவில்லை. இரண்டு பெண்கள் சேர்ந்து தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். "என்னா கனம்" என்று அதில் ஒருத்தி முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அத்தை ஒல்லியான ஆள்.

காரணம் எங்கள் குலதெய்வத்தில் இருந்தது. வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரை, அதன்மேல் ஏழு கன்னிமார். பேர்தான் ஏழு. கல் மேடையில் ஆறு சிலைகள்தான் உண்டு. ஏழாவது எப்போது போனது, யார் எடுத்துப் போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தைக் காலியாக விடக்கூடாது என்று எங்கள் ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் வகையில் பிறந்த ஒரு சிறுமியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பாவாடை கட்டி, அரளி மாலை போட்டு ஏழாவது இடத்தில் உட்கார வைப்பார்கள். பொங்கல் வைத்துப் படையல் முடியும்வரை அவள் கன்னி. அசையக் கூடாது, பேசக் கூடாது. கடைசியில் பிறந்த வீட்டு ஆண் ஒருவர், பெரும்பாலும் தகப்பன், அவள் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்றாவது முறை அவள் "ம்" என்பாள். அதன்பிறகுதான் கையைப் பிடித்துத் தூக்கலாம். அப்போதுதான் அவள் மறுபடியும் வீட்டுப் பெண்.

அத்தை உட்கார்ந்த வருஷம், பக்கத்துப் பனைமரத்தில் கதண்டு கூடு கட்டியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பொங்கல் அடுப்பில் பச்சை ஓலையைச் செருகிவிட்டார்கள். புகை கிளம்பியது. கதண்டு என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய ஆட்களே நடுங்குவார்கள். குளவியைவிடப் பெரியது, கூட்டமாக வந்து கொட்டினால் ஆள் தேறுவது கஷ்டம். எல்லோரும் ஏரிக்குள் குதித்தார்கள். அத்தையின் அப்பா, அதாவது என் தாத்தா, மட்டும் மேடையை நோக்கி ஓடினார். பிள்ளையை அப்படியே வாரிக்கொண்டு ஓடியிருக்கலாம். வழக்கம் அப்படி இல்லையே. கூப்பிடாமல் கன்னியைத் தொடக்கூடாது. எதிரில் நின்று ஒரு முறை பேர் சொன்னார். இரண்டாவது முறை வாயைத் திறந்தபோது சுருண்டு விழுந்தார். பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் சிறுமியை மறந்துவிட்டார்கள். பொழுது சாயும்போது ஆடு மேய்க்கும் ஒரு பெண் வந்து பார்த்தாளாம். ஆறு சிலைமேலும் கதண்டு அப்பிக் கிடந்தது. ஏழாவதாக அத்தைமேலும். ஒன்றுகூடக் கொட்டியிருக்கவில்லை. அந்தப் பெண் கரையில் நின்று கும்பிட்டுவிட்டு, கதண்டு கலைந்த பிறகு பிள்ளையைத் தூக்கி வந்து வீட்டில் விட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட அவளுக்குப் பேர் தெரியாது. சாவு விழுந்த வீட்டில் மீதி இரண்டு முறையை யாரும் நினைக்கவில்லை.

அத்தைக்குப் பிறகு எங்கள் வகையில் பெண்ணே பிறக்கவில்லை. பெரியப்பாவுக்கும் எங்கள் வீட்டிலும் எல்லாம் பையன்கள். வழக்கம் தானாக நின்றுபோனது. பல வருஷம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். அவளுக்கு ஐந்து வயது ஆனதும் பெரியப்பா பெரம்பலூரிலிருந்து கிளம்பி வந்தார். "இந்த ஆடிக்குப் பாப்பாவ உக்கார வச்சிரணும்ப்பா. எடம் எத்தன வருஷமா காலியா கெடக்கு. அதான் குடும்பத்துல ஒண்ணும் வெளங்கல." என் மனைவி முடியவே முடியாது என்றாள். எனக்கும் மனசில்லை. ஆனால் பெரியப்பா முன்னால் எதிர்த்துப் பேசி எங்களுக்குப் பழக்கமில்லை, தலையைப் பாதி ஆட்டி வைத்தேன். அன்றைக்குச் சமையலறையில் அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "எடம் காலின்னு யார்ரா சொன்னது? எங்க அப்பன் ஒரு தரந்தான் கூப்பிட்டாரு. இன்னும் ரெண்டு பாக்கி. நான் இன்னும் அங்கதான் உக்காந்திருக்கேன். அந்தக் குட்டிய எம் மடியிலயா வைப்பீங்க?" அப்பா இறந்த அன்றைக்குப் பிறகு அவள் கண் அப்படி நிலைகுத்தி நான் பார்த்ததில்லை. பயந்துபோனேன். அத்தைமேல் பயமா, மகளுக்காகப் பயமா என்று அப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ஆடிக்குச் சில வாரம் முன்னால்தான் அத்தையின் கண்ணைக் காட்டப் புதுச்சேரிக்குப் போனோம். வழி முழுக்க பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள். கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டார்கள். கருவிழி விரிந்து, எல்லாம் மங்கலாகி, வெளிச்சம் ஊசியாகக் குத்தும் என்று சொல்லி மத்தியானத்துக்கு மேல் வரச் சொன்னார்கள். நேரத்தைக் கழிக்கச் சதுக்கத்துக்கு வந்தோம். நல்ல உச்சி வெயில். வெள்ளை மண்டபம், வெள்ளைச் சுவர்கள், நேர் நேராக ஓடும் தெருக்கள். ஆள் நடமாட்டமே இல்லை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்து நடந்தாள். நிழலுக்காகத்தான் சதுக்கத்தை ஒட்டியிருந்த ஒரு காட்சிக்கூடத்தில் நுழைந்தோம்.

பழைய துரைமார் வீட்டுச் சாமான்கள் அறை அறையாக இருந்தன. நின்றுபோன கடிகாரங்கள், கறுத்துப்போன ஆளுயரக் கண்ணாடிகள், மெத்தை இல்லாத கட்டில்கள். எங்கே பார்த்தாலும் நாற்காலிகள். யாரும் உட்காரக்கூடாது என்று ஒரு கைப்பிடியிலிருந்து மறு கைப்பிடிக்குக் கயிறு கட்டியிருந்தார்கள். அத்தை நின்றாள். "இம்புட்டு நாற்காலி. ஒண்ணுகூடக் காலியில்லயேடா" என்றாள். மருந்து விட்ட கண்ணுக்கு ஏதோ தெரிகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன், ஆனால் அதற்கப்புறம் அந்த நாற்காலிகளின் பக்கம் என்னால் முதுகைக் காட்ட முடியவில்லை.

பின்கட்டில் கற்சிலைகள். நுழைந்ததும் அத்தை என் கையை உதறினாள். தட்டுத் தடுமாறாமல், தெரிந்த வீட்டில் நடப்பதுபோல நேராகப் போய் மூலையில் நின்றாள். அங்கே இடுப்புயரத்தில் ஒரு கன்னி. மூக்கு உடைந்திருந்தது. வலது கால் மடிந்து, இடது கால் தொங்கி, இடது உள்ளங்கை மேல்நோக்கித் தொடைமேல். ஏரிக்கரையில் இருக்கும் ஆறும் இரண்டு காலையும் மடித்து உட்கார்ந்தவை. இந்த அமர்வை நான் ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருக்கிறேன், அப்பா செத்த அன்று வாசற்படியில். கிடைத்த இடம் தெரியவில்லை என்று அட்டையில் போட்டிருந்தது.

"ஒன் மூஞ்சியே எனக்குத் தெரியலடா. இவ நல்லாத் தெரியிறா" என்றபடி அத்தை சிலைக்குப் பக்கத்து மேடை விளிம்பில் உட்கார்ந்தாள். அதே மாதிரி. கறுப்புக் கல்லும் அவளும் பக்கத்தில் பக்கத்தில். வாசலில் இருந்த காவல்காரப் பெண் எழுந்து வந்தாள். "சார், அங்கல்லாம் உக்காரக் கூடாது. எந்திரிக்கச் சொல்லுங்க." அத்தை என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள். "எந்திரிக்கத்தான் பாக்குறேன். மீதி ரெண்டையும் நீ கூப்பிடு. இங்க பொறந்த வூட்டு ஆம்பள நீதான். பேரச் சொல்லிக் கூப்பிடு."

அத்தையை நான் எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன்? எங்கள் வீடுகளில் பெரியவர்கள் பேரைப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்பா பேரைக் கேட்டால்கூட எழுதித்தான் காட்டுவோம். "அத்தை, எப்படி..." என்று இழுத்தேன். "இன்னைக்கு ஒருநா நீதான் எங்க அப்பன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் முகத்தில் எதுவும் அசையவில்லை. மூச்சு விடுகிறாளா என்றுகூடத் தெரியவில்லை. ஆடிக்கு மஞ்சள் பாவாடையில் என் மகள் உட்காரப்போகும் இடம் கண்முன் வந்தது. பேரைச் சொன்னேன். முணுமுணுப்பாகத்தான் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி, இந்தத் தடவை வாய்விட்டு, சொன்னேன்.

"ம்" என்று கேட்டது. அது அத்தை பக்கத்திலிருந்துதான் வந்தது என்று இன்றுவரை என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அவள் கையைப் பிடித்தேன். அந்த வெயிலில் ஐஸ் மாதிரி இருந்தது. இழுத்தேன், வரவில்லை. காவல்காரப் பெண்ணும் ஒரு கை கொடுத்தாள், அசையவில்லை. கல்லைக் கட்டி இழுப்பதுபோல இருந்தது. பிறகு, எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, திடீரென்று கனம் விட்டது. அத்தை எழுந்து நின்ற வேகத்தில் நான்தான் பின்னால் தடுமாறினேன். "தண்ணி இருக்கா?" என்றாள். காவல்காரப் பெண் தன் பாட்டிலை நீட்டிவிட்டு, சிலையை ஒரு முறை திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அத்தை நேராக அந்தக் கல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். "மாங்கா வாங்கியாடா" என்றாள். உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்போது எடுத்ததுதான் அந்தப் படம். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது புதுச்சேரியிலிருந்து அரியலூர் வரை சீட்டில் நன்றாகச் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

ஊருக்கு வந்ததும் பெரியப்பாவிடம் அவளே பேசினாள். "அவ இருக்குற எடத்தப் பாத்துட்டு வந்துட்டேண்ணே. சொகமாத்தான் இருக்கா. இனி யாரையும் வைக்க வேணாம்." பெரியப்பா சரி என்று தலையாட்டினார். ஒரு காலத்தில் கன்னியாக உட்கார்ந்தவள் சொல்லை யார் தட்டுவது? அந்த ஆடிக்கு ஏழாவது இடத்தில் வேப்பிலை செருகிய செம்பு ஒன்றைத்தான் வைத்தார்கள். என் மகள் கரையில் ஓடி விளையாடினாள். சிலையைக் கேட்டு வாங்கி வரலாமே என்று நான் சொன்னபோது அத்தைதான் வேண்டாம் என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. மறு வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டாள். நீட்டிப் படுத்து, நிம்மதியாக. இப்போதும் தட்டோடு கதவோரம் யாராவது நின்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுவிடுவேன்.

போன மாதம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் போயிருந்தேன். மகளுக்கு இப்போது எட்டு வயது. காட்சிக்கூடத்துப் பக்கம் நான் போகவில்லை. சதுக்கத்தில் அதே உச்சி வெயில், அதே வெள்ளை மண்டபம். மனைவி ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். மகள் எனக்கு முன்னால் ஓடிப்போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பெஞ்சு எத்தனையோ இருக்க, அத்தை உட்கார்ந்த அதே பெஞ்சு. வலது காலை மடித்து, இடது காலைத் தொங்கவிட்டு. இடது கை தொடைமேல் விரிந்திருந்தது. குழந்தைகள் எப்படி எப்படியோ உட்காரும், எனக்குத் தெரியாதா என்ன. அந்த ஏரிக்கரைக் கதையை நாங்கள் அவளிடம் சொன்னதே இல்லை.

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போய் மறுபடி கூப்பிட்டேன். மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரில் நின்று மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். தாத்தாவைப் போல எதையும் பாக்கி வைக்கவில்லை.

"ம்" என்றாள். கையைப் பிடித்துத் தூக்கினேன். லேசாகத்தான் வந்தாள்.