அண்ணன் விழுந்த ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அண்ணியார் கேட்டதும் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் எதை எழுதுவது, எதை விடுவது என்று குழம்பிப் போனேன்.

மடத்துக்குளத்தில் பிறந்த அண்ணன், அப்பா காலமானதும் அம்மாவையும் தங்கையான என்னையும் அழைத்துக்கொண்டு திருப்பூர் வந்தார். பனியன் கம்பெனியில் வெட்டிய துணி பீஸ்களை அடுக்கும் வேலையில் சேர்ந்து, துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக உயர்ந்தார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர் மாலையானால் குத்துச்சண்டை பழகப் போனது உறவினர் பலருக்கு இன்றும் புரியாத விஷயம். எனக்கும்தான்.

"நாக் அவுட்டுங்கிறது பலமா குத்துறதுல இல்லீங்க" என்று வீட்டுக்கு வருபவர்களிடம் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் விளக்குவார். "குத்து வர்றது தெரிஞ்சா கழுத்து தானா இறுகிக்கும். தெரியாம தாடை நுனியில பட்டா, தலை சட்டுனு திரும்பிரும். குடத்தைச் சுழட்டுனா உள்ள தண்ணி அலம்பும் பாருங்க, அப்படி மூளை அலம்பும். அப்புறம் காலு நம்ம பேச்சைக் கேக்காதுங்க. கண்ணு முழிச்சாலும் என்ன நடந்துச்சுன்னே ஞாபகம் இருக்காது."

அந்த ஞாபகம் இல்லாமைதான் என்னைக் கெடுத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக் கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். பயிற்சியாளர் வரவில்லை. அண்ணன் நண்பர் ஒருவருடன் குத்துச்சண்டை பழகிக்கொண்டிருந்தார். "அண்ணா, சோறு ஆறுதுங்க" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பிய நொடியில் நண்பரின் குத்து தாடையில் விழுந்தது. அப்படியே சாய்ந்தார். தண்ணீர் தெளித்தோம். கண் திறந்தவர், "நான் எப்படி அம்மிணி உளுந்தேன்?" என்றார்.

"வழுக்கி உளுந்துட்டீங்கண்ணா. தரையெல்லாம் ஈரமுங்க" என்றேன். பயந்துபோயிருந்த நண்பரும் தலையாட்டினார். துணியில் ஊசி ஓட்டை அளவு குறையைக்கூட விடாமல் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்டும் செக்கிங் வேலைக்காரி நான், இதை மறைத்துவிட்டேன்.

குத்துப்பட்டு மயங்கியது தெரிந்திருந்தால் அண்ணன் சில வாரங்கள் ஓய்வெடுத்திருப்பார். வழுக்கியதாக நம்பியவர் அடுத்த வாரமே போட்டிக்குப் போய், லேசான குத்துக்கே விழுந்தார். அத்தோடு கையுறையைக் கழற்றிவிட்டார். ஐம்பது வயதுக்குள் மறதி வந்தது. கட்டிங் டேபிளில் அளவு தப்பியது; பிறகு அண்ணியாரின் பெயரும் தப்பியது. அந்த அடிகளாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்மா" என்றார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்றும் தெரியவில்லை.

எல்லாம் மறந்தும், எப்படி விழுந்தேன் என்ற அந்தக் கேள்வி மட்டும் அண்ணனுக்கு மறக்கவில்லை. கடைசி நாள்களில் ஒருமுறை அழுதபடி உண்மையைச் சொன்னேன். என் தலையைத் தடவி, "உடு அம்மிணி, சோத்துக்குத்தான கூப்புட்ட" என்றார். மறுநாள் காலை, "அன்னிக்கு நான் எப்படி உளுந்தேன்?" என்று மறுபடி கேட்டார். மறந்துபோன மன்னிப்பும் மன்னிப்புத்தானா? இன்னொரு முறை சொல்லத் துணிவில்லாமல், "வழுக்கிட்டீங்கண்ணா" என்றேன்.

அண்ணனைக் குழந்தையைப்போல் பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், மருத்துவமனைக்கு மாறி மாறி வந்த கம்பெனித் தோழர்களுக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த அந்த நண்பருக்கும் என் நன்றி. இறுதிப் பயணத்தன்று அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவரிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "போடுங்க" என்றார்.

அண்ணா, நீங்கள் வழுக்கி விழவில்லை. நான் கூப்பிட்டேன், நீங்கள் திரும்பினீர்கள்.