மூன்று பேருக்கு உப்புமா

கடந்த ஆண்டு ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, காலை ஆறு மணி பத்து நிமிடம். கோத்தகிரியில் நான்கு நாளாக விடாத தூறல். எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. எங்கள் சமையலறையில், கொலை வழக்கில் ஒன்பது வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

அவரை முந்தின நாள் அனுப்பிவைத்தவர், சிறையில் வகுப்பெடுக்கப் போகும் என் நண்பர். "உங்க பக்கத்து எஸ்டேட் ஆளுதான். சமைப்பார். பத்து நாள் வெச்சுக்குங்க. அதுக்குள்ள ஒரு வேலை கிடைக்கலைன்னா பழைய கூட்டாளிங்ககிட்டயே போயிருவார்" என்றார். எனக்குச் சம்மதமில்லை. ஆனால் மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டோடு இருந்த என் மனைவி, நான் வைத்த ரசத்தை மூன்று வாரமாகச் சகித்தவள். "வரச் சொல்லுங்க" என்றாள். இரண்டு டீ பேக்டரிகளில் அவருக்காக வேலை கேட்டேன். "ஒம்பது வருசம் எங்க இருந்தாருங்க?" என்ற கேள்வியோடு பேச்சு முடிந்தது. இரவு படுக்குமுன் ஸ்பூன்களை எண்ணினேன். இருபத்திரண்டு.

காலையில் உப்புமா செய்யச் சொன்னேன். "எத்தனை பேருக்குங்கய்யா?" என்றார். "உங்களையும் சேர்த்து மூணு" என்றேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், பொங்கலுக்கு மட்டும் பரணிலிருந்து இறக்கும் அண்டா அடுப்பில் இருந்தது. மாதத்துக்கு வாங்கிய இரண்டு கிலோ ரவையும் அதற்குள். முந்திரியும் மிச்சமில்லை.

"மூணு பேருன்னு சொன்னனுங்களே!"

அவர் முகம் வெளிறிப்போனது. "மன்னிச்சுக்குங்கய்யா. அங்க அறுநூறு பேருக்கு ஆக்கிப் பழகிருச்சு. எவ்வளவு கொறச்சாலும் கை நிக்க மாட்டேங்குது" என்றவர், மூலையிலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டார்.

மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பையைக் கீழ வைங்க தம்பி. ஏனுங்க, கீழ கேரட் கழுவுற கொட்டகையில ராத்திரி ரெண்டு மணியிலிருந்து ஆளுங்க வெறும் வயித்தோட நிக்கறாங்களே, அங்க கொண்டு போங்க."

ஆட்டோ பிடித்தோம். அண்டா திரும்பி வர வேண்டுமே என்று நானும் ஏறினேன்.

முப்பது பேர் இருந்தார்கள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தட்டும் டிபன்பாக்ஸ் மூடியுமாக வரிசைக்கு வந்தார்கள். ஏழாவதாக வந்த லோடு ஏற்றும் இளைஞர், பரிமாறிக்கொண்டிருந்தவரை உற்றுப் பார்த்தார்.

"இது நம்ம எஸ்டேட் லைன் வீட்டுல இருந்து கொலைக் கேஸ்ல போன ஆளு இல்ல?"

வரிசை நின்றது. இரண்டு பேர் பின்வாங்கினார்கள். அவர் கரண்டியை அண்டாவுக்குள் வைத்துவிட்டு, "ஆமாங்க, நான்தான்" என்றார்.

முதலில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தட்டோடு எழுந்து வந்தார். "எங்கப்பா ஆக்கிப் பழகுன?"

"ஜெயில்லங்கம்மா. அறுநூறு பேருக்கு."

"அந்த அறுநூறு பேரும் உசுரோடதான இருக்காங்க?"

"இருக்காங்கம்மா."

"அப்புறம் நமக்கு மட்டும் என்ன வந்துரப் போகுது? உப்பு சரியா இருக்கு, இன்னொரு கரண்டி போடு. டேய், வேண்டாம்னா ஒதுங்கு. பசிக்கறவங்க நிக்கறாங்க."

அந்த இளைஞர் ஒதுங்கவில்லை. தட்டை நீட்டி, "முந்திரி இருக்கற பக்கமாப் போடுங்கண்ணா" என்றார்.

அண்டா காலி. மூன்று பேருக்குச் செய்த உப்புமாவில் அந்த மூன்று பேருக்கு மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து பிரெட் சாப்பிட்டோம்.

தட்டுக்கு இருபத்தைந்து ரூபாய் என்று பேசி, மறுநாளும் வரச் சொல்லியிருந்தார் கொட்டகைக்காரர். இன்று மூன்று கொட்டகைகளுக்கு எங்கள் உப்புமாக்காரர்தான் காலைச் சாப்பாடு கொடுக்கிறார். வாடகைக்கு வீடும் எடுத்துவிட்டார். மூன்று பேருக்குச் சமைக்க மட்டும் இன்னும் வரவில்லை. ஸ்பூன்கள் இருபத்திரண்டும் இருக்கின்றன. அண்டா அவரிடம்தான் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஜெயிலிலிருந்து வந்தவரை வீட்டுக்குள் விட்டால் எவ்வளவு நஷ்டமாகுமோ என்று பயப்படுகிறவர்களிடம் நான் இன்றும் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்: ரவை நூற்று இருபது, எண்ணெயும் வெங்காயமும் தொண்ணூறு, முந்திரி அறுபது, ஆட்டோ போகவர இருநூறு. ஆக மொத்தம் நானூற்று எழுபது ரூபாய்.